தபாலில் வந்த எட்டுக்கால் விருந்தாளி!

அருப்புக்கோட்டை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தறிச் சத்தம், நூல் மில், கரிசல் காடு. கொஞ்சம் தள்ளிப் போனால் திருச்சுழி கோயில், தண்ணீர் இல்லாத குண்டாறு. இந்த ஊர் பெயர் 2021 ஜூலையில் வேறொரு விஷயத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. அதுவும் எட்டுக்கால் பூச்சிக்காக!

போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு ஒரு தபால் பார்சல் வந்தது. போய்ச் சேர வேண்டிய விலாசம், அருப்புக்கோட்டையில் ஒரு வீடு. சந்தேகப்பட்ட சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள், மொத்தம் 107. ஒவ்வொரு குப்பியிலும் உயிரோடு ஒரு சிலந்தி!

வனவிலங்குக் குற்றத் தடுப்பு அதிகாரிகளும் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினரும் வந்து பார்த்தார்கள். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து 'டரான்டுலா' குஞ்சுகள் என்று சொன்னார்கள். இறக்குமதி லைசென்ஸும் இல்லை, சுகாதாரச் சான்றிதழும் இல்லை. பார்சலைப் பறிமுதல் செய்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும்படி தபால் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

"இதை எதுக்குய்யா காசு கொடுத்து வாங்குறாங்க?" என்று கேட்கத் தோன்றும். நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டி மாதிரி, வெளிநாட்டில் இதுவும் ஒரு செல்லப் பிராணி. அந்த ஆசை இப்போது நம் ஊர் காலேஜ் பையன்களுக்கும் வந்திருக்கிறது. ஒரு நாள் உங்கள் பிள்ளையே ஒரு டப்பாவோடு வந்து, "அம்மா, இது ஒண்ணும் செய்யாதும்மா" என்று நிற்கலாம். அப்போது என்ன சொல்வீர்கள்? "தூக்கி எறிடா" என்று கத்துவதும் சரியில்லை, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று விடுவதும் சரியில்லை. விஷயம் தெரிந்து பேசுவோமே!

டரான்டுலா என்பது யார்?

இத்தாலியில் டரான்டோ என்று ஒரு ஊர். அந்தக் காலத்தில் அங்கே சிலந்தி கடித்தவர் விஷம் இறங்குவதற்கு விடாமல் ஆட வேண்டும் என்று நம்பினார்கள். அந்த ஊர்ப் பெயர்தான் பிறகு உலகத்திலுள்ள பெரிய ரோமச் சிலந்திகளுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கால்களை விரித்தால் நம் உள்ளங்கையை நிறைக்கும். பெண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேலும் வாழும். ஆண் பருவத்துக்கு வந்தபின் நீண்ட நாள் இருப்பதில்லை.

இது வெளிநாட்டுச் சமாசாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் ராமேஸ்வரத்திலேயே மரப்பொந்தில் வாழும் ஒரு வகை இருக்கிறது. அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே 2004-ல் அதற்கு வைத்தார்கள். ஆந்திராவின் கூட்டி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த நீல நிறச் சிலந்தியை 1899-ல் பதிவு செய்தார்கள். அப்புறம் அதை யாருமே பார்க்கவில்லை. நூறு வருஷம் கழித்து, 2001-ல்தான் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. இரண்டுமே அழிவின் விளிம்பில் இருப்பவை. நீலச் சிலந்தியின் அழகே அதற்குச் சத்ரு. உலகம் முழுக்க அதை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது!

இரண்டு ஆயுதங்கள்

சிலந்தி என்றால் கடிக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். டரான்டுலாவிடம் இன்னொரு ஆயுதமும் உண்டு.

*முதல் ஆயுதம், ரோமம்.* அமெரிக்கக் கண்டத்து வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் கம்பளிப்பூச்சி மாதிரி அரிக்கும் ரோமங்கள் இருக்கும். பயந்தால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து, அந்த ரோமத்தைக் காற்றில் தூவிவிடும். கண்ணுக்கே தெரியாத முட்கள் அவை. தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு. மூக்கில் போனால் தும்மல், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு. கண்ணில் பட்டால்தான் ஆபத்து.

*இரண்டாவது, பல்.* இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா பக்கத்து வகைகளுக்கு அரிக்கும் ரோமம் கிடையாது. அதனாலேயே அவை சட்டென்று கடிக்கும், ஓட்டமும் அதிகம், விஷமும் கொஞ்சம் கடுமை. நம் நாட்டு மரப்பொந்துச் சிலந்தி கடித்தால் முதலில் நல்ல வலி, வீக்கம். பிறகு சில மணி நேரம் கழித்து, "சரியாப் போச்சு" என்று நினைக்கும்போது கை, கால், வயிற்றில் தசைப்பிடிப்பு ஆரம்பிக்கலாம். அது சிலருக்கு நாள் கணக்கில் நீடிக்கும்.

அப்படியானால் உயிருக்கு ஆபத்தா? பெரும்பாலும் இல்லை. இதன் கடி மனிதரைப் பாடாய்ப் படுத்தும், ஆனால் கொல்வது கிடையாது என்றுதான் மருத்துவ அனுபவம் சொல்கிறது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதை. ஆஸ்திரேலியாவில் இந்த இனச் சிலந்தி கடித்து நாய்கள் செத்திருக்கின்றன. அதே சிலந்தி கடித்த மனிதருக்கோ லேசான வலிதான்!

கண்ணில் பட்ட ரோமம்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு 29 வயது இளைஞர். 2009-ல் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்று வாரமாக இப்படி இருக்கிறது என்றார். மெட்ராஸ் ஐ மாதிரி இருக்கிறதே என்று ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து போட்டும் கேட்கவில்லை. நுண்ணிய கருவியால் பார்த்தபோது கருவிழியில் ரோமம் ரோமமாகக் குத்தியிருந்தது. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தன் டரான்டுலாவின் கண்ணாடித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அது பின்னாலிருந்து எதையோ முகத்தில் தூவியதாம்.

அந்த ரோமங்களை இடுக்கியால் எடுக்க முடியவில்லை. அவ்வளவு நுண்ணியவை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தில்தான் படிப்படியாகக் குறைந்தது. 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்த கேஸ் இது.

ரோமம் கண்ணில் பட்டால் எக்காரணம் கொண்டும் கசக்காதீர்கள். கசக்கினால் முள் இன்னும் உள்ளே போகும். சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவி, அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். மதுரை பக்கம்தானே, அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற பெரிய இடங்கள் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. போனதும் "சிலந்தி ரோமம் பட்டது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கிப் போட வேண்டாம்.

வளர்ப்பவர்களுக்குப் பத்துக் கட்டளை

முறையாகப் பதிவு செய்து, ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம். நாய் மாதிரி அதற்கு எஜமான விசுவாசம் எல்லாம் கிடையாது. உங்கள் கை அதற்கு இன்னொரு மரக்கிளை, அவ்வளவுதான்.

2. இடம் மாற்ற வேண்டுமா? அகலமான பிளாஸ்டிக் டப்பாவை முன்னால் வைத்து, மெல்லிய பெயின்ட் பிரஷால் பின்னாலிருந்து லேசாகத் தொடுங்கள். தானே உள்ளே போகும். மூடியைப் போட்டுவிடுங்கள்.

3. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். வாயால் ஊதவே கூடாது. மூச்சுக்காற்று பட்டால் மிரளும்.

4. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது கையுறை, முழுக்கை சட்டை, கண்ணாடி. உரித்த சட்டையிலும் அடியில் போட்ட தேங்காய் நார்க்கழிவிலும்கூட ரோமம் ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

5. உயரத்திலிருந்து விழவிடாதீர்கள். அதன் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்து செத்துப்போகும். உயரமான தொட்டியை விட தாழ்வான தொட்டியே தரை வாழ் வகைகளுக்கு நல்லது.

6. மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று குப்பையில் போடாதீர்கள்! பாம்பு மாதிரி அதுவும் சட்டை உரிக்கும். மல்லாந்து படுத்துத்தான் உரிக்கும். பல மணி நேரம் ஆகும். அப்போதும், அதற்குப் பிறகு சில நாட்களும் தொடவே கூடாது. உயிருள்ள இரையைத் தொட்டியில் விட்டு வைத்தால், உடல் மெத்தென்று இருக்கும் சிலந்தியை இரையே கடித்துக் குதறிவிடும்.

7. இரைக்காகப் பருத்திக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் வெட்டுக்கிளி பிடித்து வராதீர்கள். மருந்தடித்த காட்டுப் பூச்சி அதற்கு விஷம். வீட்டில் ஹிட் அடித்த கரப்பானும் அப்படியே.

8. நம் பக்கத்து வெயில்! கோடையில் 38, 40 டிகிரி சர்வ சாதாரணம். தகரக் கூரை, மொட்டை மாடி அறை, ஜன்னல் வெயில் ஆகாது. வீட்டிலேயே குளுமையான மூலையில் வைத்து, சின்னக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

9. மூடிக்குப் பூட்டு அல்லது கிளிப் கட்டாயம். கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர், அலர்ஜி உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்தப் பிராணியே வேண்டாம்.

10. அலுத்துப்போனால் கருவேலங்காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். அது அந்த உயிருக்கும் கெடுதல், நம் மண்ணுக்கும் கெடுதல். வனத்துறையிடம் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுக் காட்டிலிருந்து பிடித்து வந்து வளர்ப்பதை மறந்துவிடுங்கள். ராமேஸ்வரம் சிலந்தியும் கூட்டி நீலச் சிலந்தியும் அடங்கிய மரப்பொந்துச் சிலந்திக் குடும்பம் முழுவதும் 2019 முதல் 'சைட்டீஸ்' என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது. மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தி போன்றவை அதற்கும் முன்பே அந்தப் பட்டியலில் உண்டு. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி சைட்டீஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். தபாலில் வரவழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 107 குப்பிகளே சாட்சி.

ஆகவே உங்கள் பிள்ளை டப்பாவோடு வந்தால் முதல் கேள்வி "கடிக்குமா?" என்பது அல்ல. "இதுக்குப் பேப்பர் இருக்கா தம்பி?" என்பதுதான்!

கடித்துவிட்டால்...

டரான்டுலாவோ வேறு எந்தப் பெரிய சிலந்தியோ, முதலுதவி ஒன்றுதான்.

● சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள்.
● துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள்.
● மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
● கடிபட்ட கையைக் காலை ஆட்டாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டி.டி. ஊசி தேவைப்படும்.

செய்யக் கூடாதவை: பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவுவது.

2012-ல் அசாமின் சதியா பகுதியில் பெரிய சிலந்திகள் கடிப்பதாக ஒரே பீதி. இரண்டு பேர் இறந்தார்கள். ஆனால் அவர்கள் முதலில் போனது மந்திரிப்பவரிடம். அங்கே கடிவாயை பிளேடால் கீறி ரத்தம் எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. சிலந்தி விஷத்தால்தான் இறந்தார்கள் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. கீறியதால் வரும் கேடு மட்டும் நிச்சயம்.

டரான்டுலா கடிக்கென்று தனி விஷமுறிவு மருந்து நம்மிடம் இல்லை. பாம்புக்கடி ஊசி இதற்கு உதவாது, போடச் சொல்லிக் கேட்காதீர்கள். வலி மாத்திரை, தசைப்பிடிப்புக்கு மருந்து, கண்காணிப்பு, இவைதான் சிகிச்சை. மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம், நெஞ்சு படபடப்பு இருந்தால் 108-ஐக் கூப்பிடத் தாமதிக்க வேண்டாம்.

எல்லாமே எட்டுக்கால் பூச்சியா?

இனி, நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிற விஷயத்துக்கு வருவோம். டரான்டுலா வளர்க்கிறவர் ஊருக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். ஆனால் "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருச்சு", "பூச்சி எச்சம் பட்டிருச்சு" என்று சொல்லாத வீடு ஏது? காலையில் எழுந்தால் தோலில் ஒரு தடிப்போ கொப்புளமோ இருக்கும். யாரும் பூச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். பழி மட்டும் அதன் மேல்! இப்படிச் சொல்லிச் சொல்லியே மூன்று நோய்களைக் கோட்டை விடுகிறோம்.

*ஒன்று, அக்கி.* உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை போட்ட மாதிரி எரிச்சலோடு கொப்புளங்கள். சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி தலைதூக்குவதுதான் இது. வேளார் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதுவது நம் பக்கத்து வழக்கம். எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை. ஆனால் வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். தள்ளிப்போட்டால், புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கலாம். கண்ணைச் சுற்றி வந்தால் பார்வைக்கே ஆபத்து.

*இரண்டு, உண்ணிக் காய்ச்சல்.* டாக்டர்கள் 'ஸ்க்ரப் டைபஸ்' என்பார்கள். புதர்க்காட்டில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை உண்ணிக்குஞ்சு கடிப்பதால் வருவது. விறகு வெட்டப் போனவர், ஆடு மேய்த்தவர், புல்லில் விளையாடிய பிள்ளை யாருக்கும் வரலாம். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு படும் இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். கூடவே விடாத காய்ச்சல், தலைவலி. "சிலந்தி கடிச்ச புண்ணு" என்று மஞ்சள் பற்றுப் போட்டு வீட்டிலேயே இருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்திலேயே குணமாகும். காய்ச்சல்காரரை டாக்டரிடம் காட்டும்போது, உடம்பில் இருக்கும் பொருக்கையும் கூச்சப்படாமல் காட்டுங்கள்.

*மூன்று, சீழ்க்கட்டி.* சிலந்தி என்ற சொல்லுக்கே பழைய தமிழில் புண், கட்டி என்றும் பொருள் உண்டு. கிருமியால் வரும் செங்கட்டியைச் சர்க்கரை நோயாளிகள் பூச்சிக்கடி என்று அலட்சியம் செய்தால் காலையே இழக்க நேரலாம். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால் காத்திருக்காதீர்கள்.

உண்மையான எதிரி

இந்த வறண்ட பூமியில் சிலந்தியை விடப் பயப்பட வேண்டியது செந்தேளுக்குத்தான். கன்னங்கரேல் என்று பெரிசாக இருக்கும் நட்டுவாக்காலியைப் பார்த்துத்தான் அலறுவோம். அது கொட்டினால் வலியோடு போகும். சின்னதாய்ச் சிவப்பாய் இருக்கும் செந்தேள் கொட்டினால் குழந்தைகளுக்கு இதயமே பாதிக்கலாம். கொட்டியபின் குழந்தைக்கு உடம்பு வியர்த்து, கை கால் ஜில்லிட்டு, வாந்தி எடுத்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், 1980-களில் 'பிரசோசின்' என்ற ரத்த அழுத்த மாத்திரை செந்தேள் விஷத்திலிருந்து இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். எத்தனையோ உயிர் பிழைத்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பது டாக்டர் கையில். நீங்கள் செய்ய வேண்டியது, குழந்தையை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. விறகுக் கட்டு, பனையோலை, செங்கல் அடுக்கு, மூலையில் கிடக்கும் செருப்பு எதையும் தட்டாமல் எடுக்காதீர்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் கொல்லைப்பக்கம் போகாதீர்கள்.

சில சந்தேகங்கள்

*பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாய் ஒரு எட்டுக்கால் பூச்சி. வயிற்றின் அடியில் வெள்ளைக் காசு மாதிரி எதையோ சுமக்கிறது. அது டரான்டுலாவா?*

இல்லை. அந்த வெள்ளைக் காசு அதன் முட்டைப்பை! கரப்பானைப் பிடித்துத் தின்னும் வீட்டுச் சிலந்தி அது. அகப்பட்டால் கடிக்கும், சுருக்கென்று வலிக்கும், அதோடு சரி. துடைப்பத்தால் அடிப்பதற்குப் பதில், அகலமான டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடுங்கள்.

*டரான்டுலாவின் விஷப்பல்லைப் பிடுங்கிவிட்டால் பயமில்லையே?*

பல் இல்லாமல் அதால் சாப்பிட முடியாது, பட்டினியால் சாகும். ரோமம் அப்போதும் இருக்கும். கொடுமையும் மிஞ்சும், ஆபத்தும் மிஞ்சும்.

*பையன் பிடிவாதம் பிடிக்கிறான். என்ன செய்வது?*

பிள்ளையின் ஆசையைக் கேலி செய்யாதீர்கள். பூச்சியைப் பார்த்து ஓடாமல் உற்றுப் பார்க்கிற பிள்ளை நாளைக்கு விலங்கியல் படிக்கலாம். வேலியோரம் வலை பின்னும் சிலந்தியைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பூதக்கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். செலவும் குறைவு, லைசென்ஸும் தேவையில்லை, கண்ணுக்கும் ஆபத்தில்லை!